சாஹிர் லூதியான்வி: மொட்டை மாடியில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்கள் மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடிப் பழைய ஹிந்திப் பாட்டுக் கேட்போம். பாதிப் பேருக்கு ஹிந்தி தெரியாது. தெரிந்தவர்களுக்கும் உருது தடுக்கும். சாஹிர் பாட்டு ஒன்று ஓடி முடிந்தால் கேள்விகள் ஆரம்பித்துவிடும். அடுத்த மாதம் புதிதாக ஒருவர் வருவார், அதே கேள்விகள் மறுபடியும். நான் பம்பாயில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

சாஹிர் லூதியான்விங்கிறது நிஜப் பேரா? யார் இவர்?

உருதுக் கவிஞர், ஹிந்திப் படப் பாடலாசிரியர். நிஜப் பெயர் அப்துல் ஹயி. 1921 மார்ச் 8 அன்று பஞ்சாபில் லூதியானாவில் பிறந்தார். உருதுக் கவிஞர்கள் வைத்துக்கொள்ளும் புனைபெயருக்குத் ‘தகல்லுஸ்’ என்று பெயர். ஈரடிகளாலான கஸல் என்ற கவிதை வடிவத்தின் கடைசி ஈரடியில் அதை முத்திரையாக வைப்பார்கள், தியாகராஜர் கீர்த்தனையில் அவர் பெயர் வருவதைப் போல. ‘சாஹிர்’ என்றால் மாயக்காரன். உருதுக் கவிஞர் தாக் மறைந்தபோது இன்னொரு பெரிய உருதுக் கவிஞரான இக்பால் எழுதிய இரங்கற்பாவில் இந்தச் சொல் வருகிறது. அங்கிருந்து எடுத்துக்கொண்டார்.

‘லூதியான்வி’ என்பது லூதியானாக்காரர் என்று பொருள்படும். நாம் ஊர்ப் பெயரை முன்னால் வைத்துப் பாபநாசம் சிவன் என்போம், அவர்கள் பின்னால் வைப்பார்கள். ஷகீல் பதாயூனி, மஜ்ரூஹ் சுல்தான்பூரி எல்லாம் அந்தக் கணக்குதான்.

உருதுக் கவிஞர்ங்கிறீங்க. பாட்டு ஹிந்திப் படத்துல வருது. அப்ப அது எந்த மொழி?

பேச்சில் இரண்டுக்கும் இலக்கணம் ஒன்றே. எழுத்து வேறு, உயரே போகப் போகச் சொற்களும் வேறு. உருது பாரசீக, அரபுச் சொற்களிலிருந்து எடுக்கும். ஹிந்தி சமஸ்கிருதத்திலிருந்து எடுக்கும். பம்பாய்ப் படவுலகம் நடுவில் நின்று இரண்டிலிருந்தும் அள்ளிக்கொண்டது. காதல், பிரிவு, விதி என்று வந்துவிட்டால் அங்கே உருதுதான் ராஜா. தணிக்கைச் சான்றிதழில் ‘ஹிந்தி’ என்று போட்டிருப்பார்கள், அவ்வளவே.

சாஹிருக்கு இரண்டு பக்கமும் கை போகும். ‘சித்ரலேகா’ (1964) படத்தில் ‘மன் ரே து காஹே ந தீர் தரே’ கேளுங்கள். உருதின் வாடையே இல்லாத, பக்திப் பாடல் சாயல் கொண்ட மொழி. ‘காஜல்’ (1965) படத்தின் ‘தோரா மன் தர்பன் கஹ்லாயே’யும் அப்படித்தான். உருது மட்டும்தான் தெரியும் என்று இவரை யாரும் ஓரங்கட்ட முடியாது.

ஜமீன்தார் வீட்டுப் பிள்ளையாமே. அப்புறம் ஏன் இவ்வளவு கோபம்?

கோபமே அங்கிருந்துதான் வந்தது. அப்பா சௌத்ரி பஸல் முகமது நிலச்சுவான்தார். ஒன்றுக்கு மேற்பட்ட மனைவிகள். அம்மா சர்தார் பேகம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டைவிட்டு வெளியேறினார். சொத்தில் எனக்கு எதுவும் வேண்டாம், பிள்ளை மட்டும் போதும் என்று வந்துவிட்டார். பிள்ளை யாரிடம் வளர்வது என்று கோர்ட்டில் வழக்கு நடந்தது. பையன் அம்மாவிடம்தான் வளர்ந்தான். அப்பா ஆள் வைத்துத் தூக்கிப் போய்விடுவாரோ என்ற பயத்திலேயே சின்ன வயசு கழிந்தது.

‘ஜாகீர்’ (நிலமானியம்) என்று ஒரு கவிதை எழுதியிருக்கிறார். அந்நியருக்குத் துணை நின்று நிலம் சேர்த்த முன்னோர்களின் பிள்ளை நான் என்று அதில் தன்னையே காட்டிக் கொடுத்துக்கொள்கிறார். வறுமையைப் பாடிய கவிஞர்கள் உண்டு. சொந்தப் பரம்பரையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்கள் குறைவு.

பெண்கள் சார்பாக அவர் எழுதிய பாடல்களுக்கும் வேர் இங்கேதான் என்பது என் எண்ணம். ‘சாதனா’ (1958) படத்தில் ‘அவ்ரத் நே ஜனம் தியா மர்தோன் கோ’ என்று தொடங்கும் பாட்டு. ஆணைப் பெற்றது பெண், அவளைச் சந்தையில் நிறுத்தியது ஆண் என்று நேராகச் சொல்லும். அம்மாவைக் கடைசிவரை தன்னோடு வைத்துக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

பாகிஸ்தான்லேர்ந்து தப்பிச்சு வந்தவர்னு சொல்றாங்களே?

லூதியானாவில் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு 1943ல் லாகூர் போனார். அன்றைக்கு உருது இலக்கியத்துக்கு லாகூர்தான் பெரிய சந்தை. அங்கே அவருடைய முதல் தொகுப்பு ‘தல்கியான்’ (கசப்புகள்) வந்தது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவரை ஒரே புத்தகம் பிரபலமாக்கியது. ‘அதபே லதீஃப்’, ‘சவேரா’ போன்ற பத்திரிகைகளில் ஆசிரியராக இருந்தார். முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் ஆள்.

பிரிவினைக்குப் பிறகு ‘சவேரா’வில் எழுதிய இடதுசாரி எழுத்துக்காகப் பாகிஸ்தான் அரசு அவரைக் கைது செய்ய உத்தரவு பிறப்பித்தது. டெல்லிக்கு வந்தார், அங்கிருந்து பம்பாய். மதத்தின் பேரால் கோடு போட்ட நேரத்தில் ஒரு முஸ்லிம் கவிஞர் எதிர்த்திசையில் வந்தார். லாகூரில் நண்பர்கள் எல்லோரும் முஸ்லிம்களாகவே மிஞ்சியது அவருக்குப் பிடிக்கவில்லை என்று சொல்வார்கள். வாரண்ட் இல்லாமல் இருந்தாலும் வந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதல் ஹிட் எது?

1951. ‘நௌஜவான்’ படத்தில் ‘டண்டி ஹவாயேன்’. அதே வருஷம் குரு தத் இயக்கிய முதல் படமான ‘பாஸி’. இரண்டுக்கும் இசை எஸ்.டி. பர்மன். ‘பாஸி’யில் ‘தத்பீர் ஸே பிக்டீ ஹுயீ’ பாட்டு சூதாட்ட விடுதியில் கிடாரோடு வரும். சாஹிர் அதை எழுதியது கஸலாக! கஸலுக்கு மேல்நாட்டுத் துள்ளல் மெட்டா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. பாட்டு ஓடு ஓடென்று ஓடியது.

மெட்டுக்கு எழுதினாரா, எழுதினதுக்கு மெட்டு போட்டாங்களா?

இரண்டும். பர்மனோடு பெரும்பாலும் மெட்டுதான் முதலில். பிற்காலத்தில் பெயர் வந்த பிறகு, சொல் முதலில் வரட்டும், மெட்டு அதன்மேல் உட்காரட்டும் என்ற நிலைக்குத் தன்னை நகர்த்திக்கொண்டார். என்.தத்தா, ரவி, ரோஷன், கய்யாம் போன்றவர்களோடு அதிகம் வேலை செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். ரோஷன் இசையில் ‘பர்ஸாத் கீ ராத்’ (1960) படத்தில் கோஷ்டியாகப் பாடும் கவ்வாலிப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு நிமிஷத்துக்குப் பக்கமாக ஓடும். அந்த நீளத்துக்கு வாதத்தை வளர்த்துக்கொண்டே போவது மெட்டால் முடியாது, சொல்லால்தான் முடியும்.

‘ப்யாஸா’ பாட்டு ஏற்கெனவே எழுதின கவிதைதானே? அப்படியே தூக்கிப் போட்டாங்களா?

அப்படியே போடவில்லை. என்னைக் கேட்டால் சாஹிரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும்.

கவிதையின் பெயர் ‘சக்லே’, அதாவது விபசார விடுதிகள். ‘தல்கியா’னில் இருக்கிறது. சுதந்திரத்துக்கு முன்னால் எழுதியது. ஒவ்வொரு பத்தியும் ‘ஸனா க்வானே தக்தீஸே மஷ்ரிக் கஹான் ஹைன்’ என்று முடியும். கீழை நாடுகளின் புனிதத்தைத் துதிபாடுகிறவர்கள் எங்கே என்று அர்த்தம். ஆறு சொல்லில் மூன்று அரபு, ஒட்டுவதற்குப் பாரசீக இலக்கணம். முஷாயராவில், அதாவது உருதுக் கவியரங்கத்தில், கைதட்டு விழும். தியேட்டரில் தரை டிக்கெட்காரருக்கு ஒன்றும் புரியாது.

1957ல் குரு தத்தின் ‘ப்யாஸா’வுக்கு இதைக் கொடுத்தபோது அந்த அடியை எடுத்துவிட்டு ‘ஜின்ஹேன் நாஸ் ஹை ஹிந்த் பர் வோ கஹான் ஹைன்’ என்று மாற்றினார். இந்தியாவை எண்ணிப் பெருமைப்படுகிறவர்கள் எங்கே? எளிமையாக்கினார் என்று மட்டும் சொல்லிப் போய்விட முடியாது. பழைய அடி கேட்டது ‘கீழை நாட்டுப் பண்பாடு’ என்று பெருமை பேசிய பொதுப்படையான கூட்டத்தை. புது அடி கேட்பது சுதந்திரம் வாங்கிப் பத்து வருஷம் ஆன ஒரு நாட்டை. ஆங்கிலேயன் போய்விட்டான், இனி யாரைக் கைகாட்டுவீர்கள் என்கிறது. சொல் லேசானது, அடி கனமானது. ஏவாள், யசோதா, ராதை, சுலைகா என்று எல்லா மரபின் பெண்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இவர்களின் மகள் உதவி கேட்கிறாள் என்று சொல்லும் பத்தியைக் கை வைக்காமல் விட்டார். முகமது ரஃபி இந்தப் பாட்டைக் குரலை ஏற்றாமல் பாடியிருப்பார், குடித்துவிட்டுத் தள்ளாடி நடக்கிறவன் கேட்கிற மாதிரி.

இவ்வளவு நல்ல பாட்டு, ‘ப்யாஸா’வுக்கு அவார்டு கிடைச்சுதா?

பாடலாசிரியருக்கு ஃபிலிம்பேர் விருது கொடுக்க ஆரம்பித்ததே 1959லிருந்துதான். முதலில் வாங்கியவர் சைலேந்திரா. சாஹிருக்கு இரண்டு முறை கிடைத்தது: ‘தாஜ் மஹல்’ (1963), ‘கபி கபி’ (1976). பத்மஸ்ரீ 1971ல்.

எஸ்.டி. பர்மனோட ஏன் பிரிஞ்சார்?

‘ப்யாஸா’ இருவரும் சேர்ந்த கடைசிப் படம். படத்தின் வெற்றி சொல்லாலா, இசையாலா என்பதில் உரசல் என்று படவுலகம் சொல்லும். கவிஞன் ஒருவனின் கதை அது. அதில் சொல்லுக்குத்தான் முதல் மரியாதை என்று கவிஞர் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. பர்மன் சங்கடப்பட்டதிலும் இல்லை. குரு தத்தின் அடுத்த படமான ‘காகஸ் கே ஃபூல்’ (1959) படத்துக்குப் பர்மன் இசையில் கைஃபி ஆஸ்மி எழுதினார். நஷ்டம் நமக்கு.

லதா மங்கேஷ்கரை விட ஒரு ரூபாய் கூடுதலா கேட்டாராமே?

எல்லோரும் சொல்லும் கதை இது. பாடுகிறவர் வாங்குவதைவிட ஒரு ரூபாயாவது எழுதுகிறவருக்குக் கூட வேண்டும் என்றாராம். கதையை எவ்வளவு நம்புவது என்பது உங்கள் இஷ்டம். ஆள் அந்த ரகம்தான் என்பதில் சந்தேகம் வேண்டாம். ரேடியோவில் பாட்டு அறிவிக்கும்போது பாடகர், இசையமைப்பாளர் பெயரோடு எழுதியவர் பெயரும் சொல்ல வேண்டும் என்று போராடியவர்களில் அவர் முன்வரிசை. சிலோன் ரேடியோவிலும் விவித் பாரதியிலும் பெயர்களை மனப்பாடம் செய்த தலைமுறைக்கு அதன் அருமை தெரியும்.

இதைத் திமிர் என்பார்கள். கூலி கேட்பதைத் திமிர் என்று சொல்லும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு.

தாஜ்மஹாலைத் திட்டிக் கவிதை எழுதினவர் ‘தாஜ் மஹல்’ படத்துக்கே பாட்டு எழுதலாமா?

கேட்டவர் ரிட்டயர்டு வாத்தியார். சரியான பிடி. இளமையில் எழுதிய ‘தாஜ்மஹல்’ கவிதையில் காதலன் காதலியிடம், என்னை வேறு எங்காவது சந்தி, இங்கே வேண்டாம் என்கிறான். ஒரு சக்கரவர்த்தி பணபலத்தால் நம்மைப் போன்ற ஏழைகளின் காதலைக் கேலி செய்துவிட்டான் என்று முடிக்கிறான். 1963ல் அதே ஷாஜஹான் காதலுக்கு ‘ஜோ வாதா கியா வோ நிபானா படேகா’ எழுதி ஃபிலிம்பேர் விருதும் வாங்கினார்.

தொழில்தானே, எழுதினார். மழுப்ப ஒன்றும் இல்லை. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அடுத்த வருஷம் ‘கஸல்’ (1964) என்ற படத்தில், மதன் மோகன் இசையில், அந்தப் பழைய கவிதையையே ரஃபியைப் பாட வைத்தார்கள். சுனில் தத் முஷாயராவில் பாடுவதுபோல வரும். ஷாஜஹானுக்கு ஒரு வருஷம், ஏழைக் காதலனுக்கு மறு வருஷம். கணக்கைச் சரிசெய்துவிட்டார் என்று நான் சொன்னேன். வாத்தியார் ஒப்புக்கொள்ளவில்லை.

இக்பாலைக் கிண்டல் பண்ணிப் பாட்டு எழுதியிருக்காரா?

‘ஃபிர் சுபஹ் ஹோகீ’ (1958). தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலைத் தழுவிய படம், ராஜ் கபூர் நடித்தது. சீனமும் அரபும் நமது, இந்துஸ்தானும் நமது, உலகமே நமது என்று இக்பால் பாடியதை எடுத்துக்கொண்டு, ‘தங்க ஒரு வீடு இல்லை, உலகம் முழுக்க நமது’ என்று திருப்பிப் போட்டார். பிளாட்பாரத்தில் படுக்கிறவன் வாயில் அந்த வரி. கிண்டல் இக்பாலை அல்ல, பெரிய வார்த்தைகளை. மேலே சொன்னபடி தன் புனைபெயரையே இக்பாலிடமிருந்து எடுத்தவர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இந்தப் படத்துக்கு ராஜ் கபூரின் வழக்கமான சங்கர் ஜெய்கிஷன் வேண்டாம், நாவலைப் படித்த ஒருவர் இசையமைக்கட்டும் என்று சாஹிர் சொன்னதால் கய்யாம் வந்தார்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர், எப்படி ‘அல்லா தேரோ நாம்’ எழுதினார்?

‘ஹம் தோனோ’ (1961), ஜெய்தேவ் இசை. அந்தப் பாட்டில் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். பெண்கள் நெற்றிக் குங்குமம் அழியாதிருக்கட்டும், பலமுள்ளவர்களுக்கு அறிவைக் கொடு. போர்க்களத்துக்குப் போன ஆண்களின் வீட்டில் பாடும் பாட்டு. மோட்சம் கேட்கவில்லை, போர் ஓயட்டும் என்கிறார். 1955ல் ‘பர்சாயியான்’ (நிழல்கள்) என்று போருக்கு எதிராக ஒரு நெடுங்கவிதை எழுதியவர். அதையே இங்கே பிரார்த்தனையாக்கியிருக்கிறார்.

‘சித்ரலேகா’வில் ஒரு துறவியைப் பார்த்துக் கேட்பார்: உலகத்தைவிட்டு ஓடுகிறாயே, நீ கடவுளை எப்படி அடைவாய்? ‘தூல் கா ஃபூல்’ (1959) படத்தில் கைவிடப்பட்ட குழந்தையை எடுத்து வளர்க்கும் முஸ்லிம் பெரியவர், நீ ஹிந்துவாகவும் வேண்டாம், முஸ்லிமாகவும் வேண்டாம், மனுஷனாக வா என்று பாடுவார். மூன்றையும் சேர்த்துக் கேட்டால் முரண் எதுவும் தெரியாது.

அம்ரிதா ப்ரீதம் விஷயம்?

இதுதான் அதிகம் வரும் கேள்வி, நான் குறைவாகப் பதில் சொல்வதும் இதற்குத்தான். பஞ்சாபிக் கவிஞர் அம்ரிதா 1944ல் ப்ரீத் நகரில் நடந்த ஒரு கவியரங்கத்தில் சாஹிரைச் சந்தித்தார். தன் வாழ்க்கைக் கதையான ‘ரஸீதீ டிக்கட்’டில் அவரே சொல்கிறார்: சாஹிர் வந்து பேசாமல் உட்கார்ந்து சிகரெட் பிடிப்பார். போன பிறகு அணைத்துப்போட்ட துண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, தனியாக இருக்கும்போது ஒவ்வொன்றாகப் பற்றவைப்பாராம். சொன்னதெல்லாம் அம்ரிதா. சாஹிர் பேசவில்லை. இதற்குமேல் நாம் பேசினால் வம்பு.

தமிழோட ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டு, சின்னதாக. ஏவிஎம்மின் ‘குழந்தையும் தெய்வமும்’ (1965) படத்தைக் கிருஷ்ணன் பஞ்சு ஹிந்தியில் ‘தோ கலியான்’ (1968) என்று எடுத்தார்கள். பாட்டு சாஹிர், இசை ரவி. ‘பச்சே மன் கே சச்சே’ அந்தப் படத்தில்தான். ‘சக்லே’ எழுதிய கை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடுகிற மாதிரியும் எழுதியது.

‘கபி கபி’ 1976ல எழுதினதா, அதுவும் பழைய கவிதையா?

பழையது. ‘தல்கியா’னில் உள்ளதுதான். படத்தில் அது இரண்டு உருவத்தில் வரும். அமிதாப் வாசிப்பது கவிதை. முகேஷ் பாடுவது அதே முதல் அடியை வைத்துப் புதிதாக எழுதிய பாட்டு. கவிதை ‘இப்படி நடந்திருக்கலாம், நடக்கவில்லை’ என்று இழந்ததைச் சொல்லும். பாட்டு ‘எனக்காகவே உன்னைப் படைத்தார்கள்’ என்று கல்யாண வீட்டு மகிழ்ச்சியில் நிற்கும்.

அமிதாப் வாசிப்பதிலும் கை வைத்திருக்கிறார். மூலத்தில் ‘யே தீர்கீ ஜோ மேரீ ஸீஸ்த் கா முகத்தர் ஹை’, என் வாழ்வின் விதியாகிவிட்ட இந்த இருள். தீர்கீ, ஸீஸ்த் இரண்டும் புத்தகச் சொற்கள். படத்தில் ‘யே ரஞ்ஜோ கம் கீ ஸியாஹீ ஜோ தில் பே சாயீ ஹை’, நெஞ்சில் கவிந்த இந்தத் துயரத்தின் கறுப்பு. முப்பது வருஷத்துக்கு முந்தைய தன் வரியை ஐம்பத்தைந்து வயதில் உட்கார்ந்து திருத்துகிறார், ஒரு மசாலா வியாபார உலகத்துக்காக.

அப்ப சினிமாவுக்குப் போனதால கவிஞர் வீணாப் போனார்னு சொல்றது சரியா?

உருது விமர்சகர்களில் ஒரு சாரார் அப்படிச் சொன்னார்கள். புத்தகங்கள் குறைந்தது உண்மை. ஆனால் ‘ப்யாஸா’, ‘கபி கபி’ பதில்களை மறுபடி பாருங்கள். சினிமா அவரிடம் கேட்டது மட்டமாக எழுது என்று அல்ல, எல்லோருக்கும் எட்டும்படி எழுது என்று. ‘நயா தௌர்’ (1957) படத்தின் ‘ஸாத்தீ ஹாத் படானா’ எவ்வளவு லேசான மொழி! முற்போக்குக் கவிஞர்கள் பத்து மாநாட்டில் சொல்ல முயன்றதை டீக்கடை ரேடியோ ஒரு மாதத்தில் சொல்லிவிட்டது.

படத்துக்கு வெளியே பல்லைப் பிடுங்கிக்கொண்டும் உட்காரவில்லை. 1969ல் காலிபின் நூற்றாண்டு நினைவை அரசு தடபுடலாகக் கொண்டாடியபோது ‘ஜஷ்னே காலிப்’ என்று ஒரு கவிதை எழுதினார். காலிப் உருதுக் கவிஞர்தானே, உருதை நசுக்கிவிட்டுக் காலிபுக்கு மட்டும் ஏன் இந்தத் தயவு என்று அதில் கேட்டார். பாட்டெழுதிப் பிழைப்பவர் அரசாங்க விழாவைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது.

ஆனாலும் எல்லாப் பாட்டும் வைரம் என்று சொல்ல மாட்டேன். எழுபதுகளில் சில படங்களில் பழைய உருவகத்தையே தட்டி நிமிர்த்திக் கொடுத்திருக்கிறார். கேட்டால் தெரியும்.

எப்ப இறந்தார்? சமாதி எங்கே இருக்கு?

1980 அக்டோபர் 25, பம்பாயில், மாரடைப்பு. வயது 59. ஜுஹு முஸ்லிம் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். ரஃபியும் மதுபாலாவும் அங்கேதான். இடப் பற்றாக்குறையால் 2010ல் பழைய சமாதிகளை அகற்றிப் புதைக்க இடம் செய்தார்கள். அதில் சாஹிருடையதும் போய்விட்டது. 2013ல், அவர் பிறந்த தேதியான மார்ச் 8 அன்று, தபால்தலை வெளியிட்டார்கள். ஜுஹுவில் அவர் குடியிருந்த கட்டடத்துக்கு ‘பர்சாயியான்’ என்று தன் கவிதையின் பெயரையே வைத்திருந்தார். போகிறவர்கள் அதைப் பார்க்கலாம், இடுகாட்டில் பார்க்க ஒன்றும் இல்லை.